முத்தையா முரளிதரன்: முழங்கையும் 800 விக்கெட்டும்

டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்தவர் உலகில் ஒருவர்தான். 1972 ஏப்ரல் 17 அன்று கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் 1992 முதல் 2010 வரை 133 டெஸ்ட் ஆடி அந்த எண்ணைத் தொட்டார். 350 ஒருநாள் ஆட்டங்களில் 534 விக்கெட், சர்வதேச இருபது ஓவர் ஆட்டங்களில் 13 விக்கெட் என்று சேர்த்தால் மொத்தம் 1347. டெஸ்ட், ஒருநாள் இரண்டிலும் முதலிடம் அவருக்கே. இந்தக் கணக்கை யாரும் மறுக்கவில்லை. அது வந்த வழியைப் பற்றித்தான் முப்பது ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. அவர் பந்தை வீசினாரா, எறிந்தாரா? பலவீனமான அணிகளிடமும் சொந்த மண்ணின் ஆடுகளங்களிலும் சேர்த்த விக்கெட்டுகளைக் கழித்தால் என்ன மிஞ்சும்? தமிழர்களிடையே மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு: இலங்கை அணியின் சட்டையை அணிந்து உலகப் புகழ் பெற்ற இந்த மலையகத் தமிழரை எந்த இடத்தில் வைப்பது?

முரளிதரனின் தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். பிற்காலத்தில் அவர் மகள்களுடன் திரும்பிவந்து திருச்சிராப்பள்ளியில் குடியேறினார். மகன்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிச் சென்ற ஆட்களால் உருவானவைதான் இலங்கையின் தோட்டங்கள். அதே காலத்தில் காவிரிக் கழிமுகத்தின் கூலி விவசாயிகள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கும் போனார்கள். இலங்கை போனவர்களுக்கு நேர்ந்தது வேறு. நாடு விடுதலை அடைந்த 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் இராமேசுவரம் வழியாகத் திரும்ப, மீதிப் பேர் மலையிலேயே நின்றார்கள். முரளியின் குடும்பமும் அப்படிக் கடலுக்கு இரு புறமும் பிரிந்து வாழ்ந்த குடும்பம்தான்.

தந்தை முத்தையா தோட்ட வேலையில் தங்கவில்லை. கண்டிக்கு அருகே குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அது எரிக்கப்பட்டது. மூத்த மகன் முரளிக்கு அப்போது வயது ஐந்து. தொழிலை மறுபடி எழுப்பிய தந்தை, மகனைக் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்த்தார். பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்திய அந்தப் பள்ளியில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள். முரளி முதலில் மிதவேகப் பந்துதான் வீசினார். பதினான்கு வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ அவரைச் சுழற்பந்துக்கு மாற்றினார். 1990–91 பருவத்தில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்து, இலங்கையின் ஆண்டின் சிறந்த பள்ளி வீரர் என்ற விருதைப் பெற்றார். பள்ளி முடிந்ததும் கொழும்பில் தமிழ் யூனியன் கிளப்பில் சேர்ந்தார். 1948இல் பிராட்மேனின் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கிய மகாதேவன் சதாசிவத்தை வளர்த்த கிளப் அது. சேப்பாக்கத்தில் 1947இல் தென்னிந்திய அணிக்கு எதிராகச் சதாசிவம் அடித்த 215 ரன்னைப் பழைய சென்னை ரசிகர்கள் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1992 ஆகஸ்ட் 28 அன்று கொழும்பு கெத்தாராமையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முரளியின் முதல் டெஸ்ட் தொடங்கியது. முதல் விக்கெட் கிரெய்க் மெக்டெர்மட். ஆட்டத்தில் அவர் எடுத்தது மூன்று விக்கெட், கொடுத்தது 141 ரன். பெரிய தொடக்கம் இல்லை. அன்றைய இலங்கை அணியும் பெரிய அணி இல்லை. 1982இல் முதல் டெஸ்ட் ஆடிய பிறகு பத்தாண்டுகளில் அது வென்ற டெஸ்டுகள் இரண்டே: 1985இல் இந்தியாவிடம், 1986இல் பாகிஸ்தானிடம். நன்றாக ஆடுவார்கள், அழகாக அடிப்பார்கள், கடைசியில் தோற்பார்கள் என்பதே அதன் பெயர். எதிரணியின் இருபது விக்கெட்டுகளையும் வீழ்த்த அதற்கு ஆள் இல்லை. அந்த ஆளாக வளர முரளிக்கு நான்கைந்து ஆண்டுகள் பிடித்தன. 1997இல் நியூசிலாந்தில் நூறு டெஸ்ட் விக்கெட் எடுத்த முதல் இலங்கையர் ஆனார்.

அவர் பந்துவீச்சின் தனித்தன்மை மணிக்கட்டில் இருந்தது. வழக்கமான ஆஃப் ஸ்பின்னர் ஆள்காட்டி விரலால் பந்தைத் திருகுவார்; அதில் கட்டுப்பாடு அதிகம், திருப்பம் குறைவு. லெக் ஸ்பின்னர் மணிக்கட்டால் சுழற்றுவார். திருப்பம் அதிகம், கட்டுப்பாடு குறைவு. முரளி ஆஃப் ஸ்பின்னையே மணிக்கட்டால் சுழற்றினார். தோள்மூட்டும் மணிக்கட்டும் மற்றவர்களைவிட மிக இலகுவாகச் சுழலும் உடல்வாகு அவருக்கு. சில எட்டு ஓடிவந்து, நெஞ்சை மட்டையாளருக்கு நேராகத் திருப்பி, கண்கள் அகல விரிய, உள்ளங்கை முகத்துக்கு முன் புரள அவர் விடும் பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெகு வெளியே விழுந்து லெக் ஸ்டம்பைக் குறிவைத்துத் திரும்பும். காய்ந்து பிளந்த ஆடுகளத்தில் மட்டுமல்லாமல், மற்ற சுழற்பந்து வீச்சாளர்கள் வெறும் ரன் தடுப்புக்கு ஓவர் போடும் தட்டையான ஆடுகளத்திலும் அது திரும்பியது. அவ்வளவு திருப்பத்தோடு அவ்வளவு துல்லியமும் ஒரே கையில் சேர்ந்திருந்தது அரிது. வீசும் பளுவும் மிகப் பெரிது. டெஸ்டுகளில் மட்டும் 44 ஆயிரம் பந்துகளுக்கு மேல் வீசினார். ஒரு டெஸ்டுக்குச் சராசரி 55 ஓவர்.

அந்தத் திறமையின் முழு உருவத்தை 1998 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானம் கண்டது. டாஸ் வென்ற அர்ஜுன ரணதுங்க, ஆடுகளம் மட்டையாளர்களுக்கு ஏற்றதாக இருந்தும், இங்கிலாந்தை முதலில் ஆடச் சொன்னார். முரளி இரண்டு முறை வீச வேண்டும், இடையில் அவருக்கு ஓய்வு வேண்டும் என்பதே கணக்கு. இங்கிலாந்து 445 ரன் எடுத்தது; முரளிக்கு 155 ரன்னுக்கு 7 விக்கெட். ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152 என்று அடிக்க, இலங்கை 591 சேர்த்தது. இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 181 ரன்னுக்குச் சுருண்டது. முரளி 54.2 ஓவர் வீசி, அதில் 27 ஓவரில் ரன்னே கொடுக்காமல், 65 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தார். மீதி ஒருவர் அலெக் ஸ்டூவர்ட், ரன் அவுட். அதாவது பந்துவீச்சில் விழுந்த விக்கெட் எல்லாமே முரளியுடையவை. ஆட்டத்தில் மொத்தம் 220 ரன்னுக்கு 16. அன்று இலங்கை இங்கிலாந்து மண்ணில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. இந்த ஓர் ஆட்டம் மட்டுமே ஆடியிருந்தாலும் அவர் பெயர் நின்றிருக்கும்.

பத்து விக்கெட்டுகளையும் ஒருவரே எடுக்கும் வாய்ப்பும் ஒருமுறை வந்தது. 2002 ஜனவரியில் கண்டி அஸ்கிரியவில் ஜிம்பாப்வேக்கு எதிராக முதல் நாள் முடிவிலேயே ஒன்பது விக்கெட் அவர் கையில். மறுநாள் காலை அவர் பந்தில் ஷார்ட் லெக்கில் வந்த கேட்ச் நழுவியது; கடைசி விக்கெட்டை மறுமுனையில் சமிந்த வாஸ் எடுத்துவிட்டார். 51 ரன்னுக்கு 9 என்பதே முரளியின் சிறந்த டெஸ்ட் இன்னிங்ஸாகப் பதிவாயிற்று. ஒருநாள் ஆட்டத்தில் அவருடைய சிறந்த வீச்சு 2000 அக்டோபரில் ஷார்ஜாவில் இந்தியாவுக்கு எதிராக 30 ரன்னுக்கு 7. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் ஆஸ்திரேலியாவை வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய அணியிலும், 2007, 2011 இறுதியாட்டங்களில் தோற்ற அணிகளிலும் அவர் இருந்தார்.

இனி முழங்கை வழக்கு. கிரிக்கெட் விதி கை வளைந்திருப்பதைத் தடுக்கவில்லை. தோள்மட்டத்துக்கு வந்த கை, பந்து விடுபடும்வரை நிமிரக் கூடாது என்பதே விதி. வளைந்த கை வளைந்தபடியே இருந்தால் குற்றமில்லை. வளைந்தது நிமிர்ந்தால் எறிதல். அமெரிக்காவின் பேஸ்பாலில் இந்தக் கட்டுப்பாடே கிடையாது. அங்கே பந்தெறிபவர் மேட்டில் நின்று முழங்கையை மடக்கிச் சுண்டி எறிவார். பந்து தரையில் படாமல் அடிப்பவரிடம் போகும். கிரிக்கெட்டில் அப்படி எறிந்தால் வேகமும் திருப்பமும் குறுக்கு வழியில் கிடைத்துவிடும் என்பதால் விளையாட்டின் அடிப்படையையே காக்கும் விதியாக இதை வைத்திருக்கிறார்கள். திருக்கடையூர்ப் பக்கம் சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் தாள்கட்டையை மிதித்துத் தட்டி ஆடுகளம் ஆக்கும் பையன்களுக்கும் இந்த விதி தெரியும். ஒருவன் கையை மடக்கினால் போதும், ‘மாங்கா அடிக்கிறான்’ என்று நாலாபக்கமும் குரல் எழும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற இதே நம்பிக்கையில்தான் சர்வதேச கிரிக்கெட்டும் நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1963 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் இயன் மெக்கிஃப் பிரிஸ்பேனில் ஒரே ஓவரில் எறிவதாக அறிவிக்கப்பட்டு, அந்த ஆட்டத்தோடு கிரிக்கெட்டையே விட்டார். அவருக்கு மேல்முறையீடு ஏதும் இல்லை.

முரளிக்கும் அந்த முடிவே காத்திருந்தது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் முன், நடுவர் டாரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை அவருக்கு நோ-பால் கொடுத்தார். கையைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் ஸ்கொயர் லெக் நடுவர் கொடுப்பதே வழக்கம். ஹேர் பந்துவீசும் முனையில் நின்று கொடுத்தார். ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற ஸ்டீவ் டன் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, 1996 ஜனவரி 5 அன்று பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் நடுவர் ராஸ் எமர்சன் மறுபடி நோ-பால் கொடுத்தார். மணிக்கட்டைப் புரட்டி, முழங்கைக்கு வேலையே இல்லாத லெக் பிரேக் வீசிப் பார்த்தார் முரளி. அதற்கும் நோ-பால். நடுவர் பார்த்தது பந்தை அல்ல, ஆளை என்ற ஐயம் இலங்கையில் அன்றுதான் உறுதியாகப் பதிந்தது. அந்த ஐயம் நியாயமானதே.

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 1996இல் அவர் கையை ஆராய்ந்தன. பிறவியிலேயே அவர் முழங்கை முழுதாக நிமிராது என்பதும், வளைந்தே இருக்கும் கை வேகமாகச் சுழலும்போது அது நிமிர்வதுபோலக் கண்ணுக்குத் தோன்றுகிறது என்பதும் முடிவு. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) அவர் வீச்சை ஏற்றது. ஆனாலும் 1999 ஜனவரி 23 அன்று அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிராக எமர்சன் மீண்டும் கையை நீட்டினார். ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றுவிட்டார். வாக்குவாதங்களுக்குப் பிறகு ஆட்டம் தொடர்ந்தது. இங்கிலாந்தின் 302 ரன்னைத் துரத்திய இலங்கை, மஹேல ஜயவர்தன அடித்த 120 ரன்னின் துணையோடு ஒரு விக்கெட்டில் வென்றது. ஒரு வீரரைக் காக்க அணித்தலைவர் எந்த எல்லைவரை போகலாம் என்பதில் ரணதுங்கவைக் குறைசொல்வோர் உண்டு. அவர் அன்று பின்வாங்கியிருந்தால் முரளியும் மெக்கிஃப் போன வழியில் போயிருப்பார் என்பதை அவர்களும் மறுக்க முடியாது.

வழக்கின் கடினமான பகுதி தூஸ்ரா. பாகிஸ்தானின் சக்லைன் முஷ்தாக் பிரபலமாக்கிய இந்தப் பந்து, ஆஃப் ஸ்பின் வீசும் அதே சாயலில் வந்து எதிர்ப்பக்கம் திரும்பும். முரளி பல ஆண்டு வலைப்பயிற்சிக்குப் பிறகு அதை ஆட்டத்தில் கொண்டுவந்தார். 2004இல் ஆஸ்திரேலியா இலங்கை வந்தபோது ஆட்ட நடுவர் கிறிஸ் பிராட் அந்தப் பந்து குறித்துப் புகார் அறிக்கை கொடுத்தார். சோதனையில் முழங்கை 14 பாகை நிமிர்வது தெரிந்தது. திருத்தப் பயிற்சிக்குப் பிறகு 10.2 பாகைக்குக் குறைந்தது. அன்றைய விதிப்படி வேகப்பந்து வீச்சாளருக்கு 10, மிதவேகத்துக்கு 7.5, சுழற்பந்துக்கு 5 பாகை அனுமதி. ஆகவே தூஸ்ரா தடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே அவரை எறிபவர் என்று வெளிப்படையாகச் சொன்ன ஆண்டும் அதுதான். அந்த ஆண்டு ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு முரளி போகவில்லை. அதற்குப் பதில், தொலைக்காட்சிக் கேமராக்கள் முன் உலோகத் தண்டுகள் பதித்த கவசத்தில் முழங்கையைப் பூட்டிக்கொண்டு ஆஃப் ஸ்பின்னையும் தூஸ்ராவையும் வீசிக் காட்டினார். பந்து வழக்கம்போலவே திரும்பியது.

பிறகு நடந்ததுதான் பலரும் தவறாகச் சொல்லும் பகுதி. முரளிக்காக விதியை 15 பாகையாக உயர்த்திவிட்டார்கள் என்பது இன்றும் உலவும் குற்றச்சாட்டு. 2004இல் ஐசிசி இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் வீரர்களை அதிவேகக் கேமராவில் பதிவு செய்து ஆராய்ந்தது. தூய வீச்சுக்குப் பெயர்போன வேகப்பந்து வீச்சாளர்கள் உட்பட ஏறக்குறைய எல்லோருடைய முழங்கையும் ஓரளவு நிமிர்ந்தது. பலருடையது அன்றைய வரம்பைத் தாண்டியே நிமிர்ந்தது. பழைய அளவுகோலை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் உலகின் பந்துவீச்சாளர்களில் பெரும்பாலோரைத் தடுக்க வேண்டியிருக்கும். மனிதக் கண் பிரித்தறியக்கூடிய எல்லை ஏறத்தாழ 15 பாகை என்று வைத்து, எல்லா வகை வீச்சுக்கும் ஒரே வரம்பை 2005 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். முரளியின் தூஸ்ரா அதனால் பிழைத்தது உண்மை. புதிய வரம்பு அவருக்கு மட்டும் கொடுத்த சலுகை என்பது உண்மையல்ல. அவர் கையைக் குற்றம் சொன்னவர்களின் நாட்டு வீச்சாளர்களையும் அதே வரம்புதான் காப்பாற்றியது.

அவர் மேல் சுமத்திய வழக்கு கிரிக்கெட்டுக்கு ஒரு நல்ல முறையைக் கொடுத்தது. இன்று மைதானத்தில் ஒரு வீரரை அவமானப்படுத்தித் துரத்துவதில்லை. நடுவர்கள் அறிக்கை கொடுப்பார்கள். வீரர் ஆய்வகத்தில் உடலெங்கும் குறிகள் ஒட்டிக்கொண்டு வீசிக் காட்டுவார். கேமராக்கள் பாகைக் கணக்கில் பதில் சொல்லும். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் மையமும் 2014இல் ஐசிசி அங்கீகாரம் பெற்று இந்தச் சோதனையைச் செய்யத் தொடங்கியது. மேற்கிந்தியத் தீவுகளின் சுனில் நரைன் 2015இல் தன் கையை நிரூபிக்க அங்கே வந்தார். முறை கடுமையானதும்கூட. 2014இல் பாகிஸ்தானின் சயீத் அஜ்மலும் இலங்கையின் சசித்ர சேனாநாயக்கவும் வரம்பைத் தாண்டியதற்காகத் தடை பெற்றார்கள். அதன்பின் தூஸ்ரா ஏறத்தாழ மறைந்தே போனது. முரளியின் தூஸ்ரா வரம்புக்குள் இருந்தது என்பதைப் பிந்திய சோதனைகளும் சொன்னாலும், சராசரி மனிதக் கையால் அதைச் சட்டப்படி வீசுவது மிகக் கடினம் என்பதை இந்தத் தடைகள் காட்டின.

இரண்டாவது கேள்வி விக்கெட்டுகளின் தரம். இதில் அவரைக் குறைப்போர் கையில் உண்மையான எண்கள் இருக்கின்றன. 800இல் 176 விக்கெட் வங்கதேசம், ஜிம்பாப்வே என்ற இரு அணிகளிடம் 25 டெஸ்டுகளில் எடுத்தவை. 493 விக்கெட் சொந்த நாட்டில், 73 டெஸ்டுகளில். கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில் மட்டும் 166. ஆஸ்திரேலிய மண்ணில் ஐந்து டெஸ்டுகளில் 12 விக்கெட்; ஒவ்வொன்றுக்கும் 75 ரன்னுக்கு மேல் கொடுத்தார். இந்தியாவில் 11 டெஸ்டுகளில் 40 விக்கெட், சராசரி 45.45. சுழற்பந்தைச் சிறுவயது முதல் ஆடிப் பழகிய இந்திய மட்டையாளர்கள் அவர் கையைப் படித்தார்கள், காலை நகர்த்தி ஆடினார்கள். 2008இல் காலியில் சேவாக் கடைசிவரை ஆட்டமிழக்காமல் அடித்த 201 ரன் அதற்கு நல்ல சான்று. 2001இல் இலங்கை வந்த பிரையன் லாரா மூன்று டெஸ்டுகளில் 688 ரன் குவித்தார்; முரளியை அந்த அளவுக்கு ஆண்டவர் வேறு யாரும் இல்லை.

ஆனால் லாரா 688 அடித்த அந்தத் தொடரை இலங்கை 3–0 என்று வென்றது. முரளி ஒரு முனையில் மற்றவர்களைச் சாய்த்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். வங்கதேசத்தையும் ஜிம்பாப்வேயையும் நீக்கிப் பார்த்தாலும் 108 டெஸ்டுகளில் 624 விக்கெட், சராசரி 25க்கும் கீழே. ஷேன் வார்ன் 145 டெஸ்டுகளில் எடுத்தது 708, சராசரி 25.41. வார்னுக்கு மறுமுனையில் மெக்ராத், கில்லெஸ்பி, லீ இருந்தார்கள். முரளிக்கு 355 விக்கெட் எடுத்த வாஸைத் தவிர நிலையான துணை நெடுங்காலம் இல்லை. இதனால் அவருக்கு விக்கெட் அதிகம் மிஞ்சியது என்று சொல்லலாம். ஒருவரையே எதிர்பார்த்து எதிரணி தயாராக வந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் சரியே. வார்ன் லெக் ஸ்பின் என்ற அழிந்துகொண்டிருந்த கலையை மீட்டவர், வெளிநாட்டு ஆடுகளங்களில் முரளியைவிட வெற்றி கண்டவர். முரளியோ ஒரு டெஸ்டுக்கு ஆறு விக்கெட் என்ற வேகத்தை 18 ஆண்டுகள் காத்தவர். 67 முறை இன்னிங்ஸில் ஐந்து விக்கெட், 22 முறை ஆட்டத்தில் பத்து விக்கெட். இவற்றை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை.

அவரை அளக்கச் சரியான எண் வேறொன்று. அவர் ஆடி இலங்கை வென்ற டெஸ்டுகள் 54. அந்த 54இல் அவர் எடுத்தவை 438 விக்கெட், சராசரி 16.18. முதல் பத்தாண்டில் இரண்டு டெஸ்ட் வென்ற நாடு அடுத்த 18 ஆண்டுகளில் ஐம்பதைத் தாண்டியதில் அவர் பங்கு இவ்வளவு. ஜயவர்தனவும் சங்கக்காரவும் ஜயசூரியவும் அடித்த ரன்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. ரன் அடித்தும் தோற்ற பழைய அணிக்கும் புதிய அணிக்கும் இருந்த வித்தியாசம் முரளிதான். ஸ்லிப்பில் நின்ற ஜயவர்தன அவர் பந்தில் பிடித்த டெஸ்ட் கேட்சுகள் மட்டும் 77. விக்கெட் கீப்பர் அல்லாத ஒருவரும் ஒரு பந்துவீச்சாளரும் சேர்ந்து எடுத்த விக்கெட்டுகளில் இதுவே அதிகம்.

2004 மே மாதம் ஹராரேயில் கோர்ட்னி வால்ஷின் 519ஐக் கடந்தபோது உலக சாதனை முதன்முறை முரளியிடம் வந்தது. பிறகு வார்ன் முந்தி 708இல் ஓய்வு பெற்றார். 2007 டிசம்பர் 3 அன்று கண்டியில், தாய் தந்தை பார்த்திருக்க, பால் காலிங்வுட்டின் ஸ்டம்பைத் தட்டி 709ஆவது விக்கெட்டை எடுத்தார் முரளி. 2009இல் வாசிம் அக்ரமின் 502 ஒருநாள் விக்கெட் சாதனையும் அவருக்கு வந்தது. 2010 ஜூலையில் இந்தியாவுக்கு எதிரான காலி டெஸ்டோடு ஓய்வு பெறுவதாக அறிவித்தபோது கணக்கில் இருந்தது 792. ஓர் ஆட்டத்தில் எட்டு விக்கெட் வேண்டும். முதல் இன்னிங்ஸில் 63 ரன்னுக்கு ஐந்து. கடைசி நாள் காலை ஹர்பஜன் விழுந்ததும் 799. அதன்பின் விக்கெட் மலிங்காவுக்குப் போனது, லக்ஷ்மண் ரன் அவுட் ஆனார், கடைசி ஜோடி இஷாந்த் சர்மாவும் பிரக்யான் ஓஜாவும் நெடுநேரம் நின்றார்கள். கடைசியில் ஓஜாவின் மட்டை விளிம்பில் பட்ட பந்து ஸ்லிப்பில் ஜயவர்தன கைக்குப் போனது. டெஸ்ட் வாழ்வின் கடைசிப் பந்தில் 800. இலங்கை பத்து விக்கெட்டில் வென்றது. சாதனைக்காக இன்னொரு டெஸ்ட் ஆடும் வசதி அவருக்கு இருந்தது. எட்டு விக்கெட் கிடைக்காவிட்டால் 792லேயே நின்றுவிடும் துணிவோடுதான் அவர் தேதி குறித்தார்.

மைதானத்துக்கு வெளியே அவர் செய்தவற்றில் முதலில் வருவது சுனாமிப் பணி. 2004 டிசம்பர் 26 காலை காலிக்கு அருகே சீனிகம என்ற ஊரில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கப் போக வேண்டியவர், சற்றுத் தாமதமாகப் புறப்பட்டதால் உயிர் தப்பினார். முரளி லாரிகளில் உணவும் துணியும் ஏற்றிக்கொண்டு நேரில் சென்றார். பிறகு தன் மேலாளர் குஷில் குணசேகர நடத்தும் ஃபவுண்டேஷன் ஆஃப் குட்னஸ் அமைப்போடு சேர்ந்து ஆயிரம் வீடுகளுக்கு மேல் கட்டித் தர உழைத்தார். உள்நாட்டுப் போர் முடிந்தபின், 2012 முதல் வடக்கில் பல பகுதிப் பள்ளிப் பிள்ளைகளையும் ஒன்றாக ஆடவைக்கும் முரளி கோப்பைப் போட்டிகளுக்கும் துணை நின்றார்.

தமிழ்நாட்டோடு அவர் உறவு நெருக்கமானது, சிக்கலானதும்கூட. 2005இல் சென்னைப் பெண்ணை மணந்தார். 2008 முதல் 2010 வரை சென்னை சூப்பர் கிங்ஸில் ஆடினார். 2010இல் அந்த அணி முதல் ஐபிஎல் கோப்பையை வென்றபோது சேப்பாக்கம் அவரைத் தன் ஆளாகவே கொண்டாடியது. பத்தாண்டில் காற்று மாறியது. போர் முடிந்த 2009 பற்றி அவர் சொன்ன கருத்துகளும், 2019 தேர்தலில் கோத்தபய ராஜபக்சவை ஆதரித்ததும் பலரைக் காயப்படுத்தின. அவர் வாழ்க்கையைச் சொல்லும் ‘800’ படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதாக 2020 அக்டோபரில் அறிவிப்பு வந்ததும் எதிர்ப்பு வெடித்தது. நடிகரின் எதிர்காலம் கெட வேண்டாம் என்று முரளியே கேட்டுக்கொள்ள, சேதுபதி விலகினார். எம்.எஸ். ஸ்ரீபதி இயக்கத்தில் மதுர் மிட்டல் நடித்து 2023 அக்டோபரில் படம் வந்தது.

இந்த விவகாரத்தில் இரு பக்கமும் ஒன்றை மறந்தது. மலையகத் தமிழரின் வரலாறும் வடகிழக்குத் தமிழரின் வரலாறும் ஒன்றல்ல. குடியுரிமை பறிக்கப்பட்டு, தொழிற்சாலை எரிக்கப்பட்டு, அதன்பின் சிங்களப் பெரும்பான்மை நாட்டின் ஒப்பற்ற விளையாட்டு வீரராக உயர்ந்த குடும்பத்துப் பிள்ளை நாட்டைப் பார்க்கும் கோணம் வேறாக இருக்கும். அதைப் புரிந்துகொள்ளாமல் துரோகி என்பது நியாயமில்லை. அதேபோல், போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவர்களுக்கு அவருடைய அரசியல் பேச்சு கொடுத்த வலியை 800 விக்கெட் ஈடு செய்யாது. பேச்சைப் பேச்சாகவும் பந்துவீச்சைப் பந்துவீச்சாகவும் எடைபோட வேண்டும்.

வாரிசு என்று பார்த்தால், அவர் நிழலில் நெடுங்காலம் காத்திருந்த இடக்கை வீச்சாளர் ரங்கன ஹேரத் 2010க்குப் பின் பொறுப்பேற்று 433 விக்கெட்டுடன் 2018இல் ஓய்வு பெற்றார். ஆஃப் ஸ்பின்னில் முரளியைப் பின்பற்ற எவராலும் முடியவில்லை. அந்த உடல்வாகைப் பயிற்சியால் கற்றுத்தர முடியாது. 2007–08 முதல் ஆஸ்திரேலியாவும் இலங்கையும் ஆடும் டெஸ்ட் தொடரின் கோப்பைக்கு வார்ன்–முரளிதரன் என்று பெயர். அவரை நோ-பால் என்று நிறுத்திய நாட்டின் கோப்பையில் அவர் பெயர் பொறித்திருக்கிறது. 2016இல் ஐசிசியின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் இலங்கையரும் அவரே. சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்கு 2015 முதல் சுழற்பந்துப் பயிற்சி தந்துவருகிறார்.

பேஸ்பாலில் சை யங் 1890 முதல் 1911 வரை எறிந்து சேர்த்த 511 வெற்றிகள் நூறாண்டு கடந்தும் நிற்கின்றன. ஆட்டம் நடக்கும் முறையே மாறிவிட்டதால் இனி ஒருவர் அத்தனை ஆட்டங்களில் எறியப்போவதில்லை. 800க்கும் அந்த நிலை வந்துவிட்டது. ஜேம்ஸ் ஆண்டர்சன் 188 டெஸ்ட் ஆடி 704இல் நின்றார். அஷ்வின் 106 டெஸ்டுகளில் 537 எடுத்து 2024 டிசம்பரில் விடைபெற்றார். நேதன் லயன் 550ஐத் தாண்டியது முப்பதுகளின் பிற்பகுதியில். இலங்கை 2025ஆம் ஆண்டு முழுவதும் ஆடிய டெஸ்டுகள் நான்கு. ஆண்டுக்கு நான்கு டெஸ்ட் கிடைக்கும் ஒருவர், ஒவ்வொன்றிலும் முரளியைப்போல ஆறு விக்கெட் எடுத்தாலும், 800ஐ எட்ட 33 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.